அற்புதராணியின் வாக்குமூலம்

அந்த வழக்கு மிருணாளினியிடம் ஒரு தொலைபேசி அழைப்பாக வந்தது. மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். பாரிஸில் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில், யாரோ ஒருவருடைய பிறப்புச் சான்றிதழைப் பிரெஞ்சுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அழைத்தது எமிலி. வீட்டு வேலைக்கென்று கூட்டிவரப்பட்டு வெளியேற வழியில்லாமல் கிடப்பவர்களுக்காக வாதாடும் ஒரு சங்கத்தின் வழக்கறிஞர் அவள். இதற்கு முன்பும் இரண்டு தடவை மிருணாளினி அவளுக்காக மொழிபெயர்த்திருக்கிறாள்.

“ஒரு பெண். யாழ்ப்பாணத்துக்காரி. ஒன்பது வருடமாம்,” என்றாள் எமிலி. “ஆஸ்பத்திரிச் சமூகசேவகி அனுப்பியிருக்கிறாள். இரண்டு மணி நேரமாக என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு வார்த்தை பேசவில்லை. வருவாயா?”

மிருணாளினி கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

அவளுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பதினொரு வயதில் தாயோடு பிரான்சுக்கு வந்து, பாரிஸின் புறநகரான சார்செலில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் வளர்ந்தவள். வாரத்தில் மூன்று நாள் மொழிபெயர்ப்பு, மற்ற நாளெல்லாம் ஆய்வேடு. ஆறு வருடமாக அதை எழுதிக்கொண்டிருந்தாள். புரட்சிகளின் காலத்தில் அடிமைச் சட்டங்கள் எப்படி எழுதப்பட்டன, எப்படி அழிக்கப்பட்டன என்பது பொருள். ஒரு பக்கம் பாரிஸ். 1794-இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்த அதே குடியரசு எட்டே வருடத்தில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. மறுபடி ஒழிக்க 1848 வரை சென்றது. மறுபக்கம் யாழ்ப்பாணம். ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை என்ற ஊர்வழக்குச் சட்டத்தில் நிலத்துக்கும் சீதனத்துக்கும் விதி எழுதிய கையோடு அடிமைகளுக்கும் விதி எழுதியிருந்தார்கள். ஆங்கிலேயர் அதை ஏற்றுக்கொண்டார்கள், பிறகு 1818-இல் அடிமைகளைப் பெயர்பெயராகப் பதியச் சொன்னார்கள், கடைசியில் 1844-இல் ஒழித்தார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் அவள் வேலை.

அவளுக்கு மிகவும் பிடித்தது 1791-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வாசகம். பிரான்சுக்குள் நுழைந்த உடனேயே எந்த மனிதரும் சுதந்திரமானவர் என்று அது சொன்னது. அதே சட்டம் கடலுக்கு அப்பால் இருந்தவர்களைத் தொடவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அந்த வாசகத்தைத்தான் போட்டிருந்தாள்.

சங்கத்தின் அறையில் அற்புதராணி சுவரோரமாக இருந்தாள். நாற்பத்தேழு வயது. ஆஸ்பத்திரியில் யாரோ கொடுத்த ஆண்பிள்ளைக் கோட்டு அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தாள். வெளுப்பு மருந்தில் ஊறி ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

மிருணாளினி கேட்க வேண்டியவற்றின் பட்டியலை எமிலி மேசையில் வைத்திருந்தாள். மிருணாளினி அதைத் தொடவில்லை.

“அக்கா, சாப்பிட்டீங்களோ?”

அற்புதராணி நிமிர்ந்து பார்த்தாள். “காலமை பாண் தந்தவை,” என்றாள். பிறகு மெல்ல மெல்லக் கதை வந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் ஜெகதீஸ்வரி என்ற பெண் ஒரு கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் வந்திருந்தாள். அவளுடைய கணவன் இராஜேந்திரனுக்குப் பாரிஸில் ரூ காய் தெருவில் சேலைக்கடை. இராஜேந்திரனின் தாய் பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்தாள். அவளைப் பார்க்க ஆறு மாதத்துக்கு என்று சொல்லி, சுற்றுலா விசாவில் அற்புதராணியைக் கூட்டி வந்தார்கள். அற்புதராணியின் கணவன் அதற்கு முன்பே இறந்திருந்தான். மகன் தனூஜனுக்கு அப்போது பதினைந்து வயது, அவனைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தாள். விமான நிலையத்தில் இறங்கியதுமே பாஸ்போட்டை ஜெகதீஸ்வரி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அற்புதராணி அதைக் காணவில்லை.

விடிய ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். கிழவியைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, ஐந்து பேருக்குச் சமைத்து, வீடு துடைத்து, கடைக் கண்ணாடிக்குள் தொங்கப்போகும் சேலைகளை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி முடிக்க இரவாகிவிடும். குசினிக்கும் குளியலறைக்கும் இடையிலிருந்த நடையில் பாய். சம்பளம் என்று ஒன்று கையில் கொடுக்கவில்லை, மகனின் படிப்பைப் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது வருடத்தில் இரண்டு தடவை தேவாலயத்துக்குப் போயிருக்கிறாள், இரண்டும் நத்தார்ப் பண்டிகைக்கு.

“கதவைப் பூட்டி வச்சிருந்தவையோ?” என்று எமிலி கேட்கச் சொன்னாள்.

“இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. எங்கை போறது? எனக்கு இந்த ஊரில மெத்ரோப் பாலத்துக்கு அங்காலை என்ன இருக்கெண்டு தெரியாது.”

பெப்ரவரி மாதம் கிழவி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் நாலு இரவு அற்புதராணி நாற்காலியிலேயே இருந்ததைச் சமூகசேவகி கண்டாள். கண்டவள் விசாரித்தாள். அங்கிருந்து அற்புதராணி ஜெகதீஸ்வரியின் வீட்டுக்குத் திரும்பவில்லை.

எமிலி சட்டத்தை விளக்கினாள். 1848-இல் ஒழித்த ஒன்றை, ஒரு மனிதரை அடிமையாக்குவதைத் தனிக் குற்றமாக எழுத 2013 வரை ஆனது. அதோடு சேர்ந்து வந்த இன்னொரு குற்றம் ‘செர்வித்யூட்’. நலிந்த நிலையில் இருக்கும் ஒருவரை வழக்கமாக வற்புறுத்தி வேலை வாங்குவது. அந்தக் குற்றத்தின் பேரில் முறைப்பாடு கொடுத்தால், வழக்கு நடக்கும் காலம் முழுக்க வதிவிட அட்டை கிடைக்கும். அந்தக் குடும்பத்துக்குத் தண்டனை கிடைத்தால் இவள் நிரந்தரமாகவே இருக்கலாம். வெறுமனே பதியாமல் வேலை வாங்கினார்கள் என்று முடிந்தால் அவர்களுக்கு அபராதம், இவளுக்கு ஒன்றுமில்லை.

“எல்லாம் வாக்குமூலத்தில்தான் இருக்கிறது,” என்றாள் எமிலி.

ஏப்ரல் நடுப்பகுதியில் காவல் நிலையத்துக்கு அழைப்பு வந்தது. விசாரித்தவர் அர்னோ என்ற அதிகாரி. ஐம்பது வயதிருக்கும், அமைதியான மனிதர். அற்புதராணிக்குத் தானே கோப்பி கொண்டுவந்து வைத்தார். அவள் சீனி போடத் தயங்குவதைக் கண்டு இரண்டு கட்டியைப் பக்கத்தில் நகர்த்தினார். மிருணாளினி வலது கையை உயர்த்தி, சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்தாள்.

இரண்டு மணி நேரம் நன்றாகப் போனது. பாஸ்போட், பாய், சேலை மினுக்குவது, நத்தார். வீட்டுக்காரியை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று அர்னோ கேட்டார். “நாச்சியார் எண்டு,” என்று வாய்தவறிச் சொன்ன அற்புதராணி, உடனே, “அம்மா எண்டுதான் கூப்பிடுறனான்,” என்று மாற்றிக்கொண்டாள். மிருணாளினி இரண்டையும் ‘மதாம்’ என்றே பிரெஞ்சில் சொன்னாள். வேறு என்ன சொல்வது என்று யோசிக்க நேரமில்லை.

அதன் பிறகு அர்னோ தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “அந்தக் குடும்பம் உங்களைச் செர்வித்யூட் நிலையில் வைத்திருந்தது என்று சொல்கிறீர்களா?”

மொழிபெயர்ப்பவளுக்குக் கிடைப்பது ஒரு மூச்சு நேரம். விட்டுப்போக ஏலாதபடி வைத்திருந்தார்களோ என்று கேட்டிருக்கலாம். உங்கள் விருப்பத்தைக் கேட்காமல் வேலை வாங்கினார்களோ என்று கேட்டிருக்கலாம். ஆறு வருடமாக ஒரே சொல்லை எழுதி எழுதிப் பழகிய மிருணாளினியின் நாக்குக்கு அந்தச் சொல்தான் முதலில் வந்தது.

“அக்கா, அவை உங்களை அடிமையா வச்சிருந்தவையோ?”

அற்புதராணி கோப்பிக் குவளையைக் கீழே வைத்தாள். முதுகு நிமிர்ந்தது.

“இல்லை,” என்றாள்.

மிருணாளினி காத்திருந்தாள்.

“நான் ஒருத்தருக்கும் அடிமை இல்லை. அப்பிடி எழுத வேண்டாமெண்டு அவருக்குச் சொல்லுங்கோ.”

மிருணாளினி சொன்னாள். அர்னோவின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. “அப்படியென்றால் ஏன் ஒன்பது வருடம் அங்கே இருந்தீர்கள்?”

“என்ர மகனைப் படிப்பிச்சவை. நானாத்தான் இருந்தனான். என்ர விருப்பத்திலதான் இருந்தனான்.”

பக்கத்திலிருந்த எமிலி மிருணாளினியின் முகத்தையே பார்த்தாள். கடைசியில் வழக்கறிஞருக்குக் கேள்வி கேட்க இடமுண்டு. எமிலி இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தாள். வெளியே போக முடிந்ததா, அனுமதி கேட்க வேண்டியிருந்ததா. அற்புதராணி எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். கதவு திறந்துதான் இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் மிருணாளினி கூட்டாமல் குறைக்காமல் பிரெஞ்சில் சொன்னாள். அச்சடித்து வந்த தாள்களில் ஒவ்வொரு பக்கத்திலும் அற்புதராணி தன் பெயரைத் தமிழில் முழுவதுமாக எழுதிக் கையெழுத்திட்டாள்.

எமிலி நீதிமன்றத்துக்குப் போய்விட்டாள். இவர்கள் இருவரும் லா ஷப்பெல் மெத்ரோ ரயில் நிலையத்துக்கு நடந்து வந்தார்கள். ரூ காய் பக்கம் போக அற்புதராணிக்கு விருப்பமில்லை, யாராவது கண்டுவிடுவார்கள். இரும்புப் பாலத்துக்குக் கீழே இருந்த வாங்கில் உட்கார்ந்தார்கள். தலைக்கு மேலே மெத்ரோ போனபோது பேச்சு நின்றது.

“ஏன் அக்கா?” என்றாள் மிருணாளினி.



“ஓம் எண்டு சொன்னா வதிவிடக் காட் கிடைக்குமெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. அந்த வெள்ளைக்காரப் பிள்ளை வடிவா விளங்கப்படுத்தினவ. நீங்களும் சொன்னனீங்கள்.”

“பிறகேன்?”

“எனக்கு ஒன்பது வயசில முதல்நன்மை, கோயிலில முதன்முதலா நற்கருணை அப்பம் வாங்கிற நாள். வெள்ளைச் சட்டை தைச்சு, தலையில பூ வச்சு, வரிசையில நிக்கிறம். வாத்தியாற்ற மனிசி வந்து, அடிமைப் பிள்ளையள் பின்னாலை போங்கோ எண்டவ. சத்தம் போட்டுச் சொல்லேல்லை. சாதாரணமாச் சொன்னவ. நாங்கள் நாலு பிள்ளையள் பின்னாலை போனம். அம்மா கோயில் வாசலில நிண்டவ. வந்து என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வீட்டுக்குப் போயிட்டா. எனக்கு நன்மை குடுக்கேல்லை. எல்லாருக்கும் பணிஞ்சு போற மனிசி, ஒரு வருசம் அந்தக் கோயிலுக்குப் போகேல்லை. கூப்பிடுறவை கூப்பிடட்டும், நீ அதுக்கு ஓம் எண்டு சொல்லாதை எண்டு மட்டும் எனக்குச் சொன்னவ.”

அற்புதராணி வெடித்த விரல்களைக் கோட்டுக் கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“இண்டைக்கு அந்த மனிசன் அதை எழுதி, கீழை நான் கையெழுத்து வைக்க வேணும். எப்பிடிப் பிள்ளை வைக்கிறது?”

“நான் வேற சொல்லாலை கேட்டிருந்தா?”

அற்புதராணி யோசித்தாள். அவள் பொய் சொல்லத் தெரிந்தவள் அல்ல.

“வேற சொல்லாலை கேட்டிருந்தா வேற மாதிரிச் சொல்லியிருப்பன்,” என்றாள். பிறகு, மிருணாளினியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்கள் வேணுமெண்டு கேக்கேல்லை. உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எந்தப் பக்கத்து ஆக்கள் எண்டு உங்கட பேச்சிலயே தெரியும். உங்கட வீட்டில அந்தச் சொல்லை ஒருத்தரும் உங்களைப் பாத்துச் சொல்லியிருக்க மாட்டினம்.”

அவள் கோபத்தோடு சொல்லவில்லை. கோபத்தோடு சொல்லியிருந்தால் மிருணாளினிக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும்.

அந்த வாரம் முழுக்க மிருணாளினியால் ஆய்வேட்டைத் தொட முடியவில்லை. சார்செல் வீட்டில், கணினியில் 1818-ஆம் ஆண்டுப் பதிவேட்டின் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். உடைமைக்காரர் பெயர், அடிமையின் பெயர், வயது, ஆணா பெண்ணா. எழுதிய எழுத்தர் பெயரும் இருந்தது. விடுதலையை நோக்கிய முதல் படி என்று மூன்றாம் அத்தியாயத்தில் அந்தப் பதிவேட்டைப் பாராட்டி எழுதியிருந்தாள். பதியாதவர்கள் மீது உரிமை கோர முடியாது என்பதால் அது உண்மையும்கூட. பெயர் பதியப்பட்ட ஒரு பெண்ணுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் யோசித்ததில்லை.

மே மாதம் ஜெகதீஸ்வரி அலுவலகத்துக்கு வந்தாள். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. அறுபது வயதை நெருங்கிய பெண், நெற்றியில் விபூதி, கையில் ஒரு பை. பையில் மிருணாளினியின் தாய்க்கென்று முறுக்கு.

“உம்மட அம்மாவும் நானும் ஒரே பள்ளிக்கூடம், தெரியுமோ?” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். “நீர் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை கடைக்கு வந்தனீர்.”

“ஓம் அன்ரி. ஆனா வழக்கைப் பற்றி நான் கதைக்கக் கூடாது.”

“நீர் கதைக்க வேண்டாம். நான் கதைக்கிறன், நீர் கேளும்.” ஜெகதீஸ்வரியின் கண் கலங்கியது. “பொலிஸ் வந்து வீட்டைக் கிண்டினது. அலுமாரியைத் திறந்து அவவின்ர பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு போனவை. கட்டடத்தில எல்லாரும் பாக்கினம். மாமி ராணி ராணி எண்டு கூப்பிட்டுக்கொண்டே கிடக்கிறா. வேற ஆள் சோறு தீத்தினா வாயைத் திறக்கிறா இல்லை. நாங்கள் ராணியைக் கூடப்பிறந்த ஆள் மாதிரி வச்சிருந்தனாங்கள்.”

“பாஸ்போட்டை ஏன் அன்ரி நீங்கள் வச்சிருந்தனீங்கள்?”

“துலைச்சுப்போடுவா எண்டுதான்.” அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. “பிள்ளை, அவவின்ர தாய் எங்கட வீட்டில வேலைக்கு நிண்டவ. தாயின்ர தாயும் எங்கட வீட்டிலதான். அவை எங்களுக்கு உரிமையான ஆக்கள். நாங்கள் அவவைக் கைவிடுவமோ?”

உரிமையான ஆட்கள். ஒரு மனிதர் மீது சொத்துரிமைக்குரிய அதிகாரத்தைச் செலுத்துவது என்று சட்டம் நீட்டி எழுதியிருந்ததை ஜெகதீஸ்வரி பாசமாகச் சொல்லிவிட்டாள். தான் என்ன சொன்னாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. முறுக்குப் பையை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்று பின்னேரமே மிருணாளினி அரச வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதினாள். வாக்குமூலத்தில் கேட்கப்பட்ட கேள்விக்குத் தான் தேர்ந்தெடுத்த தமிழ்ச் சொல் பொருத்தமற்றது என்றும், யாழ்ப்பாணத்தில் அச்சொல் சில சமூகங்களைப் பரம்பரையாக இழிவுபடுத்தப் பயன்பட்டது என்றும், ‘இல்லை’ என்ற பதில் அந்த இழிவை மறுத்த பதில் என்றும் எழுதினாள். ‘நாச்சியார்’ என்பது ‘மதாம்’ அல்ல, தன் ஆண்டையின் வீட்டுப் பெண்ணைக் கீழே இருந்து அழைக்கும் பழைய சொல் என்றும் எழுதினாள். இன்னொரு தடவை விசாரிக்கும்படி கேட்டுக்கொண்டாள்.

எமிலி அதை இரண்டு தடவை படித்தாள். “இதை அனுப்பினால் இனி எந்தக் காவல் நிலையமும் உன்னைக் கூப்பிடாது. பிழை விட்டதாக நீயே எழுதிக் கொடுக்கிறாய்.”

“அனுப்பு,” என்றாள் மிருணாளினி.

எமிலி சொன்னது போலவே நடந்தது. இரண்டாவது விசாரணைக்குச் செப்டெம்பரில் நாள் கிடைத்தது, மிருணாளினியை அழைக்கவில்லை. தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். நடந்ததை எமிலிதான் பிறகு சொன்னாள். அர்னோ இம்முறை கேள்வியை உடைத்து உடைத்துக் கேட்டாராம். ஆனால் மேலிடத்திலிருந்து வந்த தாளில் குற்றத்தின் பெயரைச் சொல்லியே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றிருந்தது. அந்த மனிதர் தமக்குத் தெரிந்த சட்டத் தமிழில், “உங்கள கொத்தடிமையா வெச்சிருந்தாங்களாம்மா?” என்று கேட்டிருக்கிறார்.

அற்புதராணி, முந்திச் சொன்னதுதான் என்று சொல்லிவிட்டாள்.

அது மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. அதற்கு முந்திய வாரம் தனூஜன் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி எடுத்திருந்தான். நில அளவைத் திணைக்களத்தில் வேலை கிடைத்து, கலியாணமும் பேசி முடிந்திருந்தது. “அம்மா, வழக்கை விடுங்கோ,” என்றானாம். “நாங்கள் அடிமையா இருந்தமெண்டு பேப்பரில வரப்போகுதெண்டு இஞ்சை கதைக்கினம். பொம்பிளை வீட்டுக்காரர் கேட்டா நான் என்ன சொல்லுறது?”

ஒக்டோபரில் கிழவி இறந்தாள். இறுதிக் கிரியைக்கு அற்புதராணி போனாள் என்று மிருணாளினியின் தாய் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். கடைசி வரிசையில் நின்றாளாம். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் முன்னுக்கு வரச் சொல்லவுமில்லை. பெட்டியை மூடும்போது அவள் ஒருத்திதான் சத்தம் போட்டு அழுதாளாம்.

நவம்பர் கடைசியில் முடிவு வந்தது. அற்புதராணி தங்கியிருந்த பெண்கள் இல்லத்தின் குசினியில் இருந்து மிருணாளினி கடிதத்தை வாசித்தாள். பக்கத்து அடுப்பில் யாரோ சோறு வைத்திருந்தார்கள், கண்ணாடியெல்லாம் ஆவி. இம்முறை ஒவ்வொரு வசனத்தையும் முழுவதும் படித்துவிட்டு, யோசித்து, பிறகுதான் தமிழில் சொன்னாள். வேலைக்கு ஆளை வைத்துவிட்டுப் பதியாத குற்றத்துக்கு இராஜேந்திரனுக்கும் ஜெகதீஸ்வரிக்கும் அபராதம். மற்றக் குற்றத்துக்குப் போதிய ஆதாரமில்லை. தற்காலிக அட்டை இந்த மாதத்தோடு முடிகிறது.

“மேல்முறையீடு செய்யலாம் அக்கா. எமிலி செய்வா. ஒரு வருசம், ஒண்டரை வருசம் போகும்.”

“திரும்பவும் கேப்பினமோ?”

“கேப்பினம்.”

“அப்ப வேண்டாம்,” என்றாள் அற்புதராணி. கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள்.

ஜனவரியில் அற்புதராணி ஊருக்குப் போனாள். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு மிருணாளினிதான் கூட்டிப் போனாள். ஒரு சின்னப் பெட்டி, இல்லத்துப் பெண்கள் கொடுத்த கம்பளிச் சால்வை, காவல்துறை திருப்பிக் கொடுத்த பாஸ்போட். அதன் காலம் முடிந்து எத்தனையோ வருடமாகியிருந்ததால் தூதரகத்தில் வேறொரு பயணப் பத்திரம் எடுக்க வேண்டியிருந்தது. ரயிலில் அற்புதராணி பழைய பாஸ்போட்டைத் திறந்து தன் படத்தைப் பார்த்தாள். “எவ்வளவு மயிர் இருந்திருக்கு எனக்கு,” என்றாள்.

விமான நிலையத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மிருணாளினி பாதி வழியிலிருந்தே சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். சோதனைக்குப் போகும் வரிசையில் அதைத் தொடங்கினாள். அற்புதராணி இடைமறித்தாள்.

“நான் சொன்னதைத்தானே நீங்கள் அவைக்குச் சொன்னனீங்கள்?”

“ஓம்.”

“ஒண்டும் மாத்தேல்லைத்தானே?”

“இல்லை.”

“பிறகென்ன,” என்று சொல்லி மிருணாளினியின் கையைப் பற்றி அழுத்தினாள். வரிசை நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பெட்டியை எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியாமல் முன்னால் நின்றவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெப்ரவரி இருபதாம் தேதி மிருணாளினி ஆய்வேட்டை நடுவர் குழுவின் முன் வைத்தாள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் பியட்றிஸ் பெருமையோடு பேசினார். இரண்டு பேரரசுகளின் சட்டங்களை இவ்வளவு நுட்பமாக ஒப்பிட்டதை எல்லோரும் பாராட்டினார்கள். கடைசியில் நடுவர்களில் வயதான ஒருவர், பிரெஞ்சுக் கரிபியத் தீவான குவாதலூப்பிலிருந்து வந்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“உங்கள் யாழ்ப்பாணப் பதிவேட்டில் இருக்கும் அந்த மனிதர்கள் தங்களை என்ன சொல்லால் அழைத்துக்கொண்டார்கள்?”

மிருணாளினி குறிப்புகளைப் புரட்டவில்லை. “எனக்குத் தெரியாது,” என்றாள். “ஆவணங்களை எழுதியவர்கள் வேறு ஆட்கள். அந்தச் சொல்லை அவர்கள் கேட்டு எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.”

நடுவர் தலையசைத்துத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். முனைவர் பட்டம் ஏகமனதாகக் கிடைத்தது. தாய் லா ஷப்பெலில் வாங்கி வந்த வடையைப் பேராசிரியர்கள் காகிதத் தட்டில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

அடுத்த நாள் மதியம் அலுவலகத்திலிருந்து மிருணாளினி யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். தனூஜன் எடுத்து, கொஞ்சம் தயங்கித்தான் தாயிடம் கொடுத்தான்.

“சுகமா இருக்கிறீங்களோ அக்கா?”

“இருக்கிறன் பிள்ளை. சித்திரையில கலியாணம். வீட்டுக்கு வெள்ளை அடிக்கினம்.” குரலைத் தணித்தாள். “பொம்பிளை வீட்டுக்காரருக்கு நான் அங்கை ஆஸ்பத்திரியில வேலை செய்தனான் எண்டுதான் சொல்லியிருக்கிறம். ஆரும் கேட்டா நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ.”

“சரி அக்கா.”

“நோயாளியைப் பாத்தனான்தானே. பொய்யுமில்லை.”

“ஓம் அக்கா.”

அங்கே யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது. அற்புதராணி தொலைபேசியை வைக்கவில்லை, ஏதோ கேட்க நினைப்பவள் போலத் தொண்டையைச் செருமினாள்.

“கிழவியின்ர ஆட்டைத் திவசம் எந்தத் தேதியில வருமெண்டு தெரியுமோ? அவையின்ர திதிக் கணக்கு எனக்குத் தெரியாது. அண்டைக்கு இஞ்சை எங்கட கோயிலில அவவுக்காக ஒரு பூசை ஒப்புக்குடுக்கலாமெண்டு யோசிச்சனான்.”

மிருணாளினிக்குத் தெரியாது. கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கி ரூ காய்க்கு நடந்தாள். சேலைக்கடையில் ஆட்கள் குறைவாக இருந்தார்கள். ஜெகதீஸ்வரி உள்ளே நின்று, யாரோ விரித்துப் பார்த்துவிட்டுப் போன ஒரு சேலையைத் தனியாக மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே மிருணாளினியைக் கண்டதும் கை நின்றது, முகம் இறுகியது. மிருணாளினி கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனாள்.